பச்சை நாடா கட்டிய வாள்

வாள் உடையவில்லை. முழங்கால்தான் உடைந்தது போலிருந்தது.

கர்னல் வேடத்திலிருந்த லூசியஸ் ஃபார்னம் இரண்டு கையாலும் வாளைப் பிடித்து, காலைத் தூக்கி, முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டார். 'டங்' என்று சத்தம் கேட்டது. வாள் அப்படியே இருந்தது. ஃபார்னமுக்கு எழுபத்தோரு வயது. ஐம்பது வருஷமாக நடிப்பிலேயே ஊறியவர், கேமரா ஓடிக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தத் தெரியாதவர். கர்னலின் கடுகடுப்பு கொஞ்சமும் மாறாமல் இன்னொரு போடு போட்டார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது போட்டில் கர்னல் காணாமல் போய் ஃபார்னம் மட்டும் மிஞ்சினார்.

"ஐயோ! என் கால்! எவன்டா இந்த வாளைக் குடுத்தது?"

"கட்!" என்று கத்தினார் இயக்குநர் லூ ப்ரில். "டாகெட்! யோவ், டாகெட்! எங்கய்யா இருக்கே?"

சாமான் அறைப் பொறுப்பாளர் மெர்வின் டாகெட் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் கொடுத்த நாற்காலி உடைய வேண்டிய இடத்தில் உடைந்திருக்கிறது, பாட்டில் நொறுங்க வேண்டிய மண்டையில் நொறுங்கியிருக்கிறது. இப்படி ஒரு அவமானம் இதுதான் முதல் தடவை.

அதுவும் இன்றைக்குப் பார்த்து!

'பழி சுமந்த கேப்டன்' என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பாதி நாடு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அதே தொடக்கம்தான். முரசு அடிக்கும். குதிரைப்படை வரிசையாக நிற்கும். கேப்டன் ட்ரென்ட் நடுவில் நிற்பான். போர்க்களத்திலிருந்து ஓடிப்போனது வேறொரு சின்ன அதிகாரி, ஆனால் அந்தப் பையனைக் காப்பாற்றுவதற்காகக் கேப்டன் வாயைத் திறக்க மாட்டான். கர்னல் அவன் தொப்பியைப் பறிப்பார், தோளில் தைத்த பட்டிகளைக் கிழிப்பார், பொத்தான்களைப் பிய்ப்பார், கடைசியில் அவன் வாளை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து எறிவார். கேப்டன் கோட்டை வாசலைத் தாண்டி நடப்பான். கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். இதை வாரா வாரம் பார்த்து வாரா வாரம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களில் டாகெட்டும் ஒருவர். வாளைச் செய்தவரே அவர்தான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருக்காது.

போன வருஷம் வரைக்கும் தொடர் கறுப்பு வெள்ளை. இந்த வருஷத்திலிருந்து கலர். அதனால் அந்தத் தொடக்கக் காட்சியை மறுபடி எடுக்கிறார்கள். அதைப் பார்க்க, தொடருக்கு விளம்பரம் கொடுக்கும் விண்டில் சலவைத்தூள் முதலாளி மிஸ்டர் விண்டிலே நேரில் வந்து, குடைக்குக் கீழே எலுமிச்சை ரசத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

வந்தவர் சும்மா வரவில்லை. அவருடைய தாத்தா நிஜமாகவே குதிரைப்படையில் இருந்தவர். அந்தத் தாத்தாவின் வாளை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "கேப்டன் சல்யூட் அடிக்கிற இடத்துல எங்க தாத்தா வாள்தான் மின்னணும்" என்பது அவர் கட்டளை.

ஆக, ஒன்றுபோல இரண்டு வாள்கள். ஒன்று தாத்தாவின் உருக்கு வாள். இன்னொன்று டாகெட் அதன் படத்தைப் பார்த்து நேற்றே செய்த பொய் வாள். நடுவில் அறுத்து, மெழுகு வைத்து ஒட்டி, வெள்ளிப் பூச்சு அடித்தது. பூனை மேலே உட்கார்ந்தால்கூட உடைந்துவிடும். மாறிப்போகக் கூடாது என்பதற்காகப் புது விதிப்படி பிடியில் நாடா கட்டுவார்கள். உருக்குக்குச் சிவப்பு, பொய்க்குப் பச்சை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்றுதான் கணக்கு. கலர் வந்ததிலிருந்து மேலிடத்தில் உள்ளவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கலர் தேவைப்பட்டது.

நாடா கட்டியது அவருடைய உதவியாளர் க்ளாரிஸ். வழக்கமாக அவள்தான் அறையிலிருந்து பொருளை எடுத்துக் கொடுப்பாள், டாகெட் வாங்கிக்கொண்டு போவார். இன்று அவளைத் தையல் அறையில் பொத்தான் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டாகெட் தானே உள்ளே போய், பச்சை நாடா கட்டியதைப் பார்த்து எடுத்து, நாடாவை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாளைக் கொடுத்தார்.

"என்னய்யா இது?" ப்ரில் வாளை நீட்டினார். "உடையாத வாளைக் குடுத்து ஒரு கிழவன் காலை உடைச்சிட்டியே!"

"மெழுகு இறுகிப்போச்சு சார்," என்றார் டாகெட். அவருக்கு அப்போது தோன்றிய ஒரே காரணம் அதுதான். "ராத்திரி குளிர். அஞ்சு நிமிஷம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஃபார்னம், தன் கண்ணுக்கு நேரே இருந்த டாகெட்டின் கால்களைப் பார்த்தார். வலியையும் மறந்து சிரித்தார்.

"என்னப்பா, ஜூன் மாசத்துலயே கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?"

டாகெட்டுக்குச் சுருக்கென்றது. காலையில் வாசல் காவலாளி ஆர்விலும் இதையேதான் கேட்டான். தொந்தியும் வெள்ளைக் கிருதாவும் வைத்திருப்பவனைப் பார்த்தால் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா ஞாபகம் வந்துவிடுகிறது. நாளையிலிருந்து மத்தியானம் ஆப்பிள் பை பலகாரம் கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டார்.

"கால் வீக்கம் வடியறதுக்குள்ள சல்யூட்டை எடுத்துடலாம்," என்றார் ப்ரில். "தாத்தா வாளைக் கொண்டா."

டாகெட் ஓடினார். அறையில் மிச்சமிருந்த வாளின் நாடாவை அவிழ்த்து, அதையும் பையில் திணித்துக்கொண்டு, வாளை உறையில் செருகிக் கேப்டனின் இடுப்பில் மாட்டிவிட்டார். பிறகு உடையாத வாளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய், அதைப் பிடிகருவியில் முறுக்கி வைத்து, இரும்பு ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார்.

மெழுகு அசையவில்லை. "இவ்வளவு கெட்டியாவா வச்சேன்?" என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். இரண்டு ரம்பம் மழுங்கியது. மூன்றாவதை மாட்டி, சட்டை நனைய நனைய அறுத்து, நடுவில் பாதி ஆழத்துக்கு ஒரு வெட்டு விழுந்ததும்தான் நிமிர்ந்தார்.

அப்போது மைதானத்தில் 'படக்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு குதிரையின் கனைப்பு, ஒரு கண்ணாடி உடையும் ஓசை, அப்புறம் மிஸ்டர் விண்டிலின் குரல்.

கேப்டன் வாளை விறுக்கென்று உருவி நெற்றிக்கு நேரே உயர்த்தியிருக்கிறான். பிடி கையிலேயே நிற்க, மேல் பாதி பறந்துபோய் விண்டிலின் எலுமிச்சை ரசத்தில் விழுந்துவிட்டது.

"எங்க தாத்தா வாள்!" என்று அலறினார் விண்டில். அப்புறம் சிந்திய ரசத்திலிருந்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது... மெழுகு!"

"அது பொய் வாள் சார்," என்றார் ப்ரில், வேர்த்துக் கொட்டியபடி. "உங்க தாத்தா வாள் பத்திரமா இருக்கு. டாகெட் வச்சிருக்கான்."

கொட்டகைக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்ட டாகெட் ரம்பத்தைக் கீழே வைத்தார். பிடிகருவியில் முறுக்கியிருந்த வாளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பிடிக்குக் கீழே சின்ன எழுத்தில் விண்டில் குடும்பப் பெயர் செதுக்கியிருந்தது. தரை முழுக்க உருக்குத் தூள்.

ஒரு நிமிஷம் எதுவுமே ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. பையிலிருந்து நாடாக்களை எடுத்துப் பார்த்தார். ஆக, உருக்கு வாளில் பச்சை நாடா இருந்திருக்கிறது. பொய் வாளில் சிவப்பு.

க்ளாரிஸ்!

நினைத்ததுமே அவர் மனசு இளகிவிட்டது. க்ளாரிஸ் கணவனை இழந்து இரண்டு வருஷம் ஆகிறது. கெட்டிக்காரி, நல்லவள், சிரித்தால் கன்னத்தில் ஒரே பக்கம் குழி விழும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும், இரண்டு பேருமாகச் சேர்ந்து கேப்டனைப் பார்க்க வேண்டும் என்று டாகெட் மூன்று வாரமாக வாயெடுத்து, மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கவனம் போதவில்லை. ஏப்ரலில் பழுத்த ஆப்பிள் கூடைக்குப் பதில் காய் ஆப்பிள் கூடை காட்சிக்குப் போய்விட்டது. மே மாதம் வண்டிச் சக்கரத்துக்குத் தப்பான பெயின்ட். போன வாரம் விண்டில் சலவைத்தூள் பெட்டியே மாறிப்போய் விளம்பரத்தை மறுபடி எடுத்தார்கள். டாகெட் கேட்டபோதெல்லாம், பாவம், "என் தப்புதான் மிஸ்டர் டாகெட்" என்று அவளே ஒப்புக்கொண்டாள். "ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துட்டு வாயேன்" என்றுகூட அவர் அன்பாகச் சொல்லிப் பார்த்தார்.

ஆப்பிள் வேறு, தாத்தா வாள் வேறு. இது தெரிந்தால் அவள் வேலை இன்றோடு போய்விடும்.

மெழுகை உருக்கி வெட்டில் நிரப்பி, மேலே வெள்ளிப் பூச்சுத் தடவிக்கொண்டிருக்கும்போது க்ளாரிஸே ஓடிவந்தாள். கையில் இன்னும் பொத்தான் டப்பா.

"என்ன ஆச்சு மிஸ்டர் டாகெட்? எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க."

டாகெட் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையை விரித்தார்.

"சத்தம் போடாதே. உருக்கு வாள்ல இருந்து நான் அவிழ்த்தது இது. நீயே பாரு. பச்சை."

க்ளாரிஸ் நாடாவைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி நாடாவைப் பார்த்தாள்.

"பச்சையா?" என்றாள் மெல்ல.

"பச்சை! பொய் வாள்ல இருந்தது இதோ, சிவப்பு. மாத்திக் கட்டியிருக்கே."

அவள் பொத்தான் டப்பாவைத் திறந்தாள். மூடினாள்.

"ஆமா மிஸ்டர் டாகெட்," என்றாள் கடைசியில். "என் தப்புதான். நான்தான் மாத்திக் கட்டியிருப்பேன்."

"சரி விடு, கவலைப்படாதே. இந்த வாளை உறையில போட்டு வெல்வெட்ல சுத்திக் குடுத்துடலாம். அவர் வீட்டுக்குப் போய்ச் சுவத்துல மாட்டிடுவார். சுவத்துல மாட்டின வாளை யாரு வளைச்சுப் பார்க்கப்போறாங்க?"

யோசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வாளை உறையில் போட்டு வெல்வெட்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டுபோய் டாகெட் விண்டிலின் மடியில் வைத்தார்.

"பத்திரமா இருக்கு சார். தூசி துடைச்சு வச்சேன்."

விண்டில் குளிர்ந்துபோனார். அத்தோடு விட்டிருந்தால் எந்த வம்பும் இல்லை. ஆனால் ப்ரில் சும்மா இருக்க மாட்டாமல், "உங்க தாத்தா எப்படி சார் சல்யூட் அடிப்பாராம்?" என்று கேட்டுவைத்தார்.

"சொல்றது என்ன, செஞ்சே காட்டறேன்!" விண்டில் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வேணாம் சார்!" என்று டாகெட் கத்தியது யார் காதிலும் விழவில்லை. விண்டில் வயிற்றை எக்கி, வாளை உருவி, காற்றில் ஒரு சுழற்று சுழற்றினார். மெழுகு தாங்கியது. டாகெட் மூச்சு விட்டார். அடுத்ததாக விண்டில் வாளின் முனையைத் தரையில் ஊன்றி, பிடியின் மேல் கைகளை வைத்து, தாத்தா படத்தில் நிற்கிற மாதிரி கம்பீரமாகச் சாய்ந்தார்.

வாள் நடுவில் மடங்கி இரண்டானது. விண்டில் புழுதியில் குப்புற விழுந்தார்.

ப்ரில் முகத்தில் ஈயாடவில்லை. விண்டில் எழுந்து, ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிப் பார்த்து, ரம்பத்தின் தடத்தைப் பார்த்தார்.

"யாரோ அறுத்திருக்காங்க," என்றார். அவர் குரல் பயங்கரமாக அமைதியாக இருந்தது. "எங்க தாத்தா வாளை எவனோ ரம்பம் போட்டு அறுத்திருக்கான்."

"பொய் வாள்னு நினைச்சு அறுத்திருப்பாங்க சார்," என்று திக்கினார் ப்ரில். "நாடா மாறியிருக்கும். டாகெட், நாடா கட்டினது யாருய்யா?"

டாகெட் க்ளாரிஸைப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. அந்த நொடியில் அவர் காதுக்குள் முரசு அடித்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேப்டன் ட்ரென்ட் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் வீரத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவருக்கு முதல் தடவையாகத் தன் சொந்த வீரத்துக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. விடுவாரா?

"நான்தான்," என்றார் டாகெட். "கட்டினதும் நான், எடுத்ததும் நான், அறுத்ததும் நான்."

"இல்ல சார்!" க்ளாரிஸ் முன்னால் பாய்ந்தாள். "நான்தான் மாத்திக் கட்டினேன்! என் தப்புதான்!"

"அவங்க என்னைக் காப்பாத்தப் பார்க்கறாங்க," என்றார் டாகெட் பெருந்தன்மையாக. "நம்பாதீங்க."

"மிஸ்டர் டாகெட், உங்களுக்குப் புரியல!"

"எல்லாம் புரியுது க்ளாரிஸ்."

"ஒண்ணுமே புரியல!"

"ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் போட்டுக்குங்க," என்றார் விண்டில். "இந்த நிமிஷமே ஒருத்தர் வேலையை விட்டுப் போகணும். என் கண்ணு முன்னாடி போகணும். இல்லேன்னா கலரும் வேணாம், கேப்டனும் வேணாம், என் சலவைத்தூள் வேற தொடரைப் பார்த்துக்கும்."

ப்ரில் பெருமூச்சு விட்டார். டாகெட்டின் அருகில் வந்து, "மன்னிச்சுடுய்யா மெர்வின்" என்று முணுமுணுத்துவிட்டு, அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றினார். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவினார். பிறகு சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பிய்த்தார். அது லேசில் வரவில்லை, ஒரு பொத்தானையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

முரசுக்காரர்களிடம் காலையில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி வைத்திருந்தார்கள். நடுவில் நிற்கிறவன் பொத்தான் பிய்ந்ததும் அடிக்க வேண்டும். அவர்கள் அடித்தார்கள்.

டாகெட் நெஞ்சு விம்மியது. தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். க்ளாரிஸின் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல மாட்டிறைச்சி வறுவல்," என்றார். "மனசு இருந்தா வா. ஏழு மணிக்குக் கேப்டன் வந்துடுவார்."

மூன்று வாரமாக வராத வார்த்தை இப்போது தடையில்லாமல் வந்துவிட்டது. க்ளாரிஸ் என்னவோ சொன்னாள். முரசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

டாகெட் கோட்டை வாசலைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்ற இரண்டு சிப்பாய் நடிகர்கள், அவர் வெளியே காலெடுத்து வைத்ததும் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நிறுத்துங்கடா! முரசை நிறுத்துங்கடா!" என்ற ப்ரில்லின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் மெல்லத் தேய்ந்தது.

அலுவலகத்தில் வெளியே போவதற்கான சீட்டு இரண்டு கொடுத்தார்கள். பச்சை அவருக்கு, சிவப்பு வாசல் காவலாளிக்கு. இரண்டையும் வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டாகெட் பெரிய வாசலுக்கு வந்தார். வேலை போன துக்கம் இனிமேல்தான் வர வேண்டும். இப்போதைக்குப் பெருமைதான் முட்டிக்கொண்டு நின்றது.

காவலாளி ஆர்வில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், ஆனால் அவன் வாயில் ஒரு விஷயம் ஒரு நிமிஷத்துக்கு மேல் தங்காது. தொலைபேசியை அப்போதுதான் கீழே வைத்தான்.

"கேள்விப்பட்டேன் சார்," என்றான். "மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

"எனக்குக் கஷ்டம் இல்ல ஆர்வில்," என்றார் டாகெட், தூரத்து மலையைப் பார்த்தபடி. "சில பேர் செய்யாத தப்புக்குப் பழி சுமப்பாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. அவ்வளவுதான்."

"அப்ப நீங்க செய்யலையா சார்?"

"நான் சொல்ல மாட்டேன்."

ஆர்வில் தலையைச் சொறிந்தான். "ஆங், க்ளாரிஸ் அம்மா போன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன்னு சொல்லச் சொன்னாங்க."

டாகெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னே? ஒரு ஆண்பிள்ளை தனக்காக இவ்வளவு பெரிய தியாகம் செய்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு கரையாது? அவள் செய்த தப்பைப் பற்றிச் சாகும்வரை வாயே திறக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவளாகவே பேச்செடுத்தாலும் கையமர்த்திவிட வேண்டும்.

"வேற ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாங்க சார். ஆனா அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்." ஆர்வில் கூண்டிலிருந்து கையை நீட்டினான். "சீட்டைக் குடுங்க சார். சிவப்பு."

டாகெட் ஒன்றை நீட்டினார்.

ஆர்வில் வாங்கவில்லை. சீட்டைப் பார்த்தான். "சிவப்பு சார்."

"அதைத்தானே குடுக்கறேன்."

"சிவப்புச் சீட்டு சார்."

"என்னப்பா இது, கண்ணு முன்னாடி நீட்டறேன், வாங்காம சிவப்பு சிவப்புங்கறே! நீயும் க்ளாரிஸ் மாதிரி கண் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்."

ஆர்வில் கூண்டிலிருந்து எட்டிக் குனிந்து, காலையில் போலவே டாகெட்டின் கால்களைப் பார்த்தான். ஒரு காலில் சிவப்புக் காலுறை, ஒரு காலில் பச்சைக் காலுறை, இரண்டும் கிறிஸ்துமஸ் கலர். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. டாகெட்டின் இன்னொரு கையிலிருந்த சீட்டை மெல்ல உருவிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டபடி சொன்னான்:

"க்ளாரிஸ் அம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு சார். 'சிவப்பைக் கேட்டா பச்சையைத்தான் நீட்டுவார், ரெண்டும் அவர் கண்ணுக்கு ஒண்ணு, பாவம், அது அவருக்கே தெரியாது, மூணு மாசமா அவர் பழியை நான்தான் சுமந்துக்கிட்டிருக்கேன், நீ எதையாவது உளறிடாதே'ன்னாங்க."